பழைய கேம், புதிய திரை: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதக் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றித்தான். பரணில் கிடந்த கேம் பெட்டியை இறக்கி எல்இடி டிவியில் மாட்டினால் படம் ஏன் இப்படி இருக்கிறது, உள்ளே எச்டிஎம்ஐ போர்டு வைத்தால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் டிவி மெக்கானிக்காகத் தொழில் கற்றவன். பிக்சர் டியூப் காலம் முடிந்த பிறகு என் மேசைக்கு வருவது பெரும்பாலும் இந்தப் பெட்டிகள்தான். ஒவ்வொருவரிடமும் நான் முதலில் கேட்பது ஒன்றே: படத்தைப் பெட்டிக்குள் எந்த இடத்திலிருந்து எடுக்கப் போகிறீர்கள்? வழியில் தொலைந்ததை எவ்வளவு விலை உயர்ந்த கருவியும் திருப்பித் தராது.

கேள்வி: 1990-களின் கடைசியில் அப்பா வாங்கித் தந்த, மஞ்சள் கேசட் போடும் டிவி கேம் இன்றும் ஓடுகிறது. 'ஏவி டு எச்டிஎம்ஐ 1080பி' என்று போட்டிருந்த சின்னப் பெட்டி ஒன்றை வாங்கி மாட்டினேன். படம் வருகிறது. ஆனால் ஓடும்போது பொம்மையின் ஓரமெல்லாம் பிசிறடிக்கிறது. அடிபட்டு மினுக்கும்போது பொம்மையே காணாமல் போகிறது. பெட்டி பழுதா சார்?
(வாசகர், மதுரை)

பதில்: பழுது இல்லை. உங்கள் டிவி கேமை அது தப்பாகப் புரிந்துகொள்கிறது.

அந்தக் காலத்து ஒளிபரப்பில் ஒரு முழுப் படம் இரண்டு பாதியாக வரும். முதலில் ஒற்றைப்படை வரிகள், அடுத்து இரட்டைப்படை வரிகள். நம் ஊர் பால் (PAL) ஒளிபரப்பு முறையில் மொத்தம் 625 வரி. ஒரு பாதிக்கு 312½. அந்த அரை வரி இருப்பதால்தான் இரண்டாவது பாதி முதல் பாதியின் இடுக்குகளில் போய் உட்காருகிறது. கேம் சிப்பை வடிவமைத்தவர்கள் அந்த அரை வரியை விட்டுவிட்டார்கள். வருவது 312 முழு வரி. அதனால் ஒவ்வொரு படமும் முந்தைய படத்தின் வரிகள் மேலேயே விழும். நொடிக்கு 50 புதுப் படம், துளி நடுக்கம் கிடையாது, வரிக்கு வரி நடுவில் மெல்லிய கறுப்பு இடைவெளி. வரி எண்ணிக்கை எதுவானாலும், 240பி என்று தொழிலில் சொல்வது இந்த வகை சிக்னலைத்தான். டியூப் டிவிக்கு இதில் குழப்பமே இல்லை. சிக்னல் சொன்ன இடத்தில் கோடு போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும்.

உங்கள் கன்வெர்ட்டர் இதைச் சாதாரண ஒளிபரப்பு என்று எடுத்துக்கொண்டு, அடுத்தடுத்த இரண்டு படங்களைப் பின்னி ஒன்றாக்குகிறது. இரண்டுக்கும் நடுவில் பொம்மை நகர்ந்திருக்கும், அதனால்தான் ஓரம் பிசிறுகிறது. அடிபட்ட பொம்மையை ஒரு படம் விட்டு ஒரு படம் காட்டும்படிதான் நிரல் எழுதியிருப்பார்கள். கன்வெர்ட்டர் பாதிப் படங்களைத் தூக்கி எறிந்தால், எறிந்தவற்றோடு பொம்மையும் போய்விடும். இதற்கு மேல், பல கன்வெர்ட்டர்கள் வெளியே 60 ஹெர்ட்ஸ் மட்டுமே கொடுக்கும். உள்ளே வருவது 50. கணக்கை நேர் செய்ய ஒவ்வொரு ஐந்து படத்துக்கும் ஒன்றை இரண்டு முறை காட்டும். காட்சி பக்கவாட்டில் ஓடும்போது தட்டித் தட்டி நகர்வது அதனால்தான். பெட்டி மேல் எழுதியிருக்கும் 1080பி, கெட்டுப்போன படத்தை எவ்வளவு பெரிதாக இழுக்கிறது என்பதை மட்டும் சொல்கிறது.

முதலில் டிவியின் பின்பக்கத்தை நன்றாகப் பாருங்கள். மூன்று ஏவி சாக்கெட் இல்லாவிட்டாலும் 'ஏவி இன்' என்று ஒரு 3.5 மி.மீ. துளை இருக்கலாம். அதற்கான ஒயர் மலிவு. டிவியும் இதே தப்பைச் செய்தால், 240பி-யை 240பி என்றே அடையாளம் காணும் கருவி வேண்டும். மைக் சீ வடிவமைத்த ரெட்ரோடிங்க் வரிசையில் 2எக்ஸும் 5எக்ஸும் மஞ்சள் ஏவி ஒயரை நேராக ஏற்கும். பலர் சிபாரிசு செய்யும் ஓஎஸ்எஸ்சி நல்ல கருவிதான். ஆனால் அதில் மஞ்சள் ஒயருக்கு இடமே இல்லை, ஏமாந்துவிடாதீர்கள். வீட்டில் இடம் இருந்தால் ஓடும் நிலையிலுள்ள ஒரு டியூப் டிவியைத் தேடி வாங்குங்கள் என்றுதான் நான் சொல்வேன். அந்த கேம் அதற்காகத்தான் செய்யப்பட்டது.

கேள்வி: அண்ணே, என்னிடமும் அதே மாதிரி டிவி கேம்தான். உள்ளேயே எச்டிஎம்ஐ போர்டு வைத்துத் தர முடியுமா? படத்தில் கோடு கோடாகவும் வருகிறது.
(வாசகர், திருப்பூர்)

பதில்: முடியாது தம்பி. திறந்து பாருங்கள், போர்டின் நடுவில் கறுப்பு எபாக்சிக் குமிழ் ஒன்று இருக்கும். அசல் நின்டெண்டோ பெட்டியில் கணக்குப் போடும் சிப்பும் படம் வரையும் சிப்பும் தனித்தனி. உங்களுடையதில் இரண்டையும் ஒரே சிப்பில் அடைத்து, மேலே எபாக்சி ஊற்றி மூடியிருக்கிறார்கள். வெளியே வருவது நிறமும் வெளிச்சமும் ஏற்கெனவே ஒன்றாகக் கலந்த காம்போசிட் சிக்னல் மட்டும். மஞ்சள் ஏவி ஒயரில் போவது அதுதான். எச்டிஎம்ஐ போர்டு கலப்பதற்கு முந்தைய எண்களைக் கேட்கும். அவற்றைத் தொட உங்கள் போர்டில் கால் (பின்) இல்லை. முடியும் என்று யாராவது பணம் கேட்டால், முந்தைய பதிலில் சொன்ன அதே கன்வெர்ட்டரைப் பெட்டிக்குள் ஒட்டித் தரப் போகிறார்கள் என்று அர்த்தம்.

கோடுகளைப் பெருமளவு சரிசெய்யலாம். அதற்கு எந்தக் கோடு என்று தெரிய வேண்டும். குறுக்காக, அகலமாக, மெல்ல மேலேயோ கீழேயோ நகரும் இருட்டுப் பட்டையா? அது கரண்ட் சப்ளை. பழைய டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டரில் கெப்பாசிட்டர் காய்ந்திருக்கும், டிசி-யோடு ஏசி அலையும் சேர்ந்து வருகிறது. அடாப்டரிலும் உள்ளே 7805 ரெகுலேட்டர் அருகிலும் இருக்கும் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்களை மாற்றினால் பட்டை போய்விடும். சில ரூபாய் வேலை. புது அடாப்டர் வாங்கினால் பிளக்கின் நடுமுனை பிளஸ்ஸா மைனஸா என்று மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

செங்குத்தாக, அசையாமல், சிறைக் கம்பி போல நிற்கும் கோடு என்றால் வேறு கதை. போர்டில் வீடியோ போகும் தடத்துக்குப் பக்கத்திலேயே டேட்டா தடங்கள் ஓடுகின்றன. அந்த மின் சத்தம் படத்தில் ஏறுகிறது. சிப்பிலிருந்து வீடியோ வெளிவரும் இடத்திலேயே அதைப் பிடித்து, ஒரு டிரான்சிஸ்டர் பஃபர் வைத்து, ஷீல்டு போட்ட ஒயரில் நேராகச் சாக்கெட்டுக்குக் கொண்டுபோனால் கம்பிகள் மங்கும். ஜப்பானில் 1983-இல் வந்த அசல் நின்டெண்டோ பெட்டியான ஃபாமிகாமிலும் இதே வேலைதான். அதில் ஆன்டெனா வெளியீடு மட்டுமே உண்டு. படச் சிப்பின் 21-ஆம் காலைப் போர்டிலிருந்து தூக்கி, அங்கிருந்தே வீடியோவை எடுப்போம். கால் தூக்கப்பட்டதும் போர்டின் நீளமான தடம் கழன்றுவிடுகிறது, சத்தம் ஏற இடமில்லாமல் போகிறது. உங்கள் டிவி கேமை இன்னும் ஆன்டெனா ஒயரில் ஓட்டிக்கொண்டிருந்தால் இன்றே ஏவி-க்கு மாறுங்கள். எந்தப் போர்டும் தராத முன்னேற்றம் அந்த ஒரு மாற்றத்தில் கிடைக்கும்.

கேள்வி: ஜப்பானிலிருந்து அசல் ஃபாமிகாம் வாங்கி வந்தேன். என்இஎஸ்-ஆர்ஜிபி, ஹை-டெஃப் என்இஎஸ் என்ற இரண்டு போர்டுகளில் எதை வைக்கலாம்? ஒவ்வொருவர் போடும் படத்திலும் மேரியோவின் வானம் ஒவ்வொரு நிறத்தில் இருக்கிறதே, எது சரி?
(வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: இரண்டாவது கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது, அதிலிருந்து தொடங்குகிறேன்.

ஃபாமிகாமின் படச் சிப்புக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனி அளவுகளே தெரியாது. ஒவ்வொரு நிறமும் ஆறு பிட் எண். நான்கு பிட் நிறக் கோணத்துக்கு, இரண்டு பிட் வெளிச்சத்துக்கு. 12 நிறக் கோணங்கள், ஒவ்வொன்றும் 30 டிகிரி இடைவெளியில். அந்த எண்ணிலிருந்து நேராகக் காம்போசிட் அலையைச் செய்து அனுப்பிவிடும். அது என்ன நீலம் என்று முடிவு செய்தது வீட்டு டிவி. முதல் மேரியோவின் வானத்துக்கு நிற எண் பதினாறின் அடிமானத்தில் 22. ஒரு டிவியில் அது தெளிந்த நீலம், இன்னொன்றில் ஊதா கலந்த நீலம். டின்ட் திருகைக் கொஞ்சம் திருப்பினாலே மாறிவிடும். ஆகவே 'சரியான' வானம் என்று ஒன்று சிப்புக்குள் இல்லை. எச்டிஎம்ஐ போர்டு செய்தவர் ஒரு அட்டவணையில் இந்த எண்ணுக்கு இந்த நிறம் என்று எழுதி வைத்ததைத்தான் படங்களில் பார்க்கிறீர்கள். உங்கள் கண்ணுக்கு எது பழகியதோ அதை வையுங்கள். மற்றவர் படத்தைப் பார்த்து மனம் மாற வேண்டாம். எனக்கு அந்த லேசான ஊதாதான் வேண்டும். அதில்தான் நான் விளையாடினேன்.

இனி போர்டு. டிம் வொர்திங்டனின் என்இஎஸ்-ஆர்ஜிபி படச் சிப்பைக் கழற்றித் தன் மேல் உட்கார வைத்துக்கொண்டு, கலப்பதற்கு முந்தைய நிற எண்களைப் படித்து, சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாகப் போகும் ஆர்ஜிபி சிக்னலாக அனலாக்கில் தருகிறது. மூன்று நிற அட்டவணைகள் உண்டு. எச்டிஎம்ஐ வேண்டுமென்றால் வெளியே இன்னொரு கருவி தேவை. கெவின் ஹார்டனின் ஹை-டெஃப் என்இஎஸ் அனலாக்குக்கே போகாமல் எண்ணிலிருந்து நேராக எச்டிஎம்ஐ தருகிறது. படத்தின் சுத்தத்தில் இதற்கு மேல் போக இடமில்லை. ஆனால் அதற்குக் கணக்குச் சிப், படச் சிப் இரண்டையும் கழற்ற வேண்டும். ஒவ்வொன்றிலும் 40 கால். நாற்பது வயது போர்டு அது. உறிஞ்சும் பம்பை மட்டும் நம்பி அவசரப்பட்டால் செப்பு வளையம் காலோடு உரிந்து வந்துவிடும். பழைய ஈயத்தின் மேல் முதலில் புது ஈயம் ஏற்றி, ஃப்ளக்ஸ் போட்டு, சூடான டீசோல்டரிங் கன்னால் ஒவ்வொரு காலையும் துளைக்குள் ஆட்டிப் பார்த்த பிறகே சிப்பைத் தூக்குவேன். ஒரு கால் ஆடாவிட்டாலும் தூக்க மாட்டேன். டியூப் டிவியும் எல்இடி-யும் இரண்டும் வைத்திருந்தால் முதலாவது போர்டு. எல்இடி மட்டும் என்றால் இரண்டாவது, உங்கள் மாடலுக்குப் பொருந்துமா என்று விற்பவரிடம் கேட்டுவிட்டு.

வெளிப்பெட்டியை அறுத்துத் துளை போடுவதை மட்டும் செய்யாதீர்கள். சானல் மாற்றும் சுவிட்சுக்கென்று பின்னால் இருக்கும் வழியிலேயே சாக்கெட்டை வைக்கப் பாருங்கள்.

கேள்வி: இங்கே பழைய சாமான் விற்பனையில் செகா ஜெனசிஸ் கிடைத்தது. ஆர்ஜிபி ஒயர் வாங்கி ஓஎஸ்எஸ்சி வழியாக எச்டிஎம்ஐ-யில் போட்டேன். எழுத்தெல்லாம் கத்தி மாதிரி இருக்கிறது. ஆனால் சோனிக் முதல் கட்டத்தில் அருவி வெறும் செங்குத்துக் கோடுகளாகத் தெரிகிறது. ஒயர் சரியில்லையா?
(வாசகர், நியூ ஜெர்ஸி)

பதில்: ஒயரும் சரி, கருவியும் சரி. பெட்டியைத் திறக்காமலேயே ஆர்ஜிபி கிடைப்பது செகாவின் பெருமை, நீங்கள் நல்ல வழியில்தான் போயிருக்கிறீர்கள். கோடுகள் கேமிலேயே இருக்கின்றன.

அந்தப் பெட்டியின் படச் சிப்பால் ஒன்றின் வழியே இன்னொன்று தெரியும்படி வரைய முடியாது. 1991-இல் சோனிக்கை வரைந்தவர்கள் அருவியின் ஒரு நெடுவரிசையில் தண்ணீரும் அடுத்த நெடுவரிசையில் வெறும் இடமுமாக மாற்றி மாற்றி வைத்தார்கள். வரிக்கு 320 புள்ளி. நெடுவரிசைகள் ஒன்று விட்டு ஒன்று மாறினால் சிக்னல் நொடிக்கு ஏறக்குறைய 33.5 லட்சம் முறை ஏறி இறங்கும். அமெரிக்க முறையில் நிறத்தைச் சுமக்கும் அலையோ நொடிக்கு 35.8 லட்சம். இரண்டும் இவ்வளவு நெருக்கத்தில் இருந்தால் காம்போசிட் டிவியால் பிரிக்க முடியாது. கோடுகள் ஒன்றோடொன்று கரைந்து, பின்னால் இருப்பது தெரியும் தண்ணீராகிவிடும். மேலே மெல்லிய வானவில் சாயலும் ஏறும். கலைஞர்களுக்கு இது தெரிந்தே இருந்தது, அதை நம்பித்தான் வரைந்தார்கள். நீங்கள் ஆர்ஜிபி-யில் எடுக்கும்போது கரைவது நடக்கவில்லை.

சுத்தமான சிக்னல்தான் எப்போதும் அழகு என்பதை நான் ஒப்புக்கொள்ளாததற்கு இந்த அருவியே காரணம். இந்த ஒரு கேமை மட்டும் காம்போசிட்டில் விளையாடிப் பாருங்கள். அதற்கு ஓஎஸ்எஸ்சி உதவாது. காம்போசிட் ஏற்கும் கருவியோ டிவியின் ஏவி துளையோ வேண்டும். அல்லது படத்தைப் பெரிதாக்கும் ஸ்கேலர் கருவியில் பக்கவாட்டில் லேசாக மங்கலாக்கும் வசதி இருந்தால் அதை இயக்குங்கள். எழுத்து நிறைந்த கேம்களுக்கு இப்போதுள்ளபடியே இருக்கட்டும்.

கேள்வி: நின்டெண்டோ 64-இல் எச்டிஎம்ஐ போர்டு வைத்தும் படம் மங்கலாகவே இருக்கிறது. கொடுத்த காசு வீணா?
(வாசகர், சிங்கப்பூர்)

பதில்: மெனுவில் 'டீ-பிளர்' என்று இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலான கேம்கள் 320 புள்ளி அகலத்தில் வரைகின்றன. வெளியே அனுப்பும் முன் அந்தப் பெட்டியே அதை 640 ஆக விரிக்கிறது. நடுவில் சேர்க்கும் புள்ளி இரு பக்கத்துப் புள்ளிகளின் கலவை. டீ-பிளர் அந்தக் கலவைப் புள்ளிகளை நீக்கிவிட்டு அசல் புள்ளிகளை மட்டும் வைத்துக்கொள்ளும். ஆனால் மேற்பரப்புகளில், சுவர், புல் போன்றவற்றில், தெரியும் மங்கல் வேறு. படங்களுக்கான உள்நினைவகம் 4 கிலோபைட்தான் என்பதால் சின்னப் படத்தைப் பெரிதாக இழுத்து ஒட்டியிருக்கிறார்கள். அதை எந்தப் போர்டும் மாற்றாது.

கேள்வி: என் 1080பி டிவியில் படம் முழுத்திரைக்கு வருகிறது. ஆனால் காட்சி மேலும் கீழும் நகரும்போது கற்கள், எழுத்துகள் எல்லாம் நெளிகின்றன. பிளஸ் டூ படிக்கிறேன், புரியும்படி சொல்லுங்கள் ஐயா.
(வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: டிவியின் 1080 வரியைக் கேம் படத்தின் 240 வரியால் வகுத்துப் பாருங்கள் தம்பி. நாலரை வரும். ஒரு கேம் வரியை டிவியின் நாலரை வரியில் காட்ட முடியாது. சில வரிகளுக்கு நான்கு, சிலவற்றுக்கு ஐந்து என்று பங்கு போடுகிறது. காட்சி நகர நகர ஒரே கல் ஒரு கணம் தடித்து, மறு கணம் மெலிகிறது. அதுதான் நெளிவு. இரண்டு தீர்வு உண்டு. நான்கு மடங்கு மட்டும் பெரிதாக்கி 960 வரியில் வைத்து, மேலும் கீழும் 60 வரி கறுப்பு விடலாம். அல்லது ஐந்து மடங்காக்கி 1200 வரியில் மேல், கீழ் ஓரத்தை வெட்டிவிடலாம். பழைய டிவிகளும் ஓரத்தை மறைத்தவைதானே. 4கே டிவியில் 2160 வரி, 240-க்குச் சரியாக ஒன்பது மடங்கு.

அகலத்துக்கும் ஒரு கணக்கு. ஃபாமிகாம் வரிக்கு 256 புள்ளி. அவை சதுரமில்லை, உயரம் 7 என்றால் அகலம் 8. சதுரமாகக் காட்டினால் வட்டம் முட்டையாகிவிடும். 16:9-க்கு இழுத்தால் பொம்மை குண்டாகும். டிவியில் 4:3 வையுங்கள், ஷார்ப்னஸைப் பூஜ்யமாக்குங்கள், கேம் மோடைப் போடுங்கள். இந்த மூன்றும் இலவசம்.

கேள்வி: பிளேஸ்டேஷன் 2-வில் குத்தும் சின்ன எச்டிஎம்ஐ அடாப்டர் வாங்கினேன். நிறமே சரியில்லை.
(வாசகர், திருநெல்வேலி)

பதில்: பழைய ஒயரில் மாட்டி, சிஸ்டம் கான்ஃபிகரேஷனில் 'காம்போனென்ட் வீடியோ அவுட்' என்பதை ஆர்ஜிபி-யிலிருந்து மற்றதற்கு மாற்றுங்கள். நிறம் சரியாகிவிடும். அந்த அடாப்டர் படத்தை மேம்படுத்தாது, வந்ததை அப்படியே எச்டிஎம்ஐ-யாக்கும். சில கேம்கள் தொடங்கும்போது முக்கோணத்தையும் எக்ஸையும் சேர்த்து அழுத்தினால் 480பி வேண்டுமா என்று கேட்கும். நம் ஊரில் கிடைத்த பால் டிஸ்க்குகள் பலவற்றில் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். பிளேஸ்டேஷன் 1 கேம்களை அதில் ஓட்டினால் மதுரை வாசகருக்குச் சொன்ன 240பி தொல்லை மறுபடி வரும்.

கேள்வி: இங்கே வாங்கிய பிரெஞ்சு என்இஎஸ்-இல் (ஃபாமிகாமின் வெளிநாட்டு வடிவம்) ஸ்கார்ட் ஆர்ஜிபி இருக்கிறது. அப்படியானால் போர்டு எதுவும் தேவையில்லைதானே?
(வாசகர், பாரிஸ்)

பதில்: பிரான்சில் டிவிக்கு ஸ்கார்ட் சாக்கெட் கட்டாயமாக இருந்ததால் நின்டெண்டோ அப்படிக் கொடுத்தது. ஆனால் உள்ளே இருப்பது அதே காம்போசிட் சிப்தான். ஒரு முறை கலந்ததைத் திரும்பப் பிரித்து ஆர்ஜிபி-யாக அனுப்புகிறார்கள். சாக்கெட்டில் ஆர்ஜிபி, படத்தில் காம்போசிட். கோவை வாசகருக்குச் சொன்ன போர்டுகள் உங்களுக்கும் பொருந்தும்.

கேள்வி: எச்டிஎம்ஐ வைத்தால் வாத்து சுடும் துப்பாக்கி வேலை செய்யுமா?
(வாசகர், சேலம்)

பதில்: செய்யாது. விசையை அழுத்தியதும் கேம் திரையைக் கறுப்பாக்கி, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் காட்டும். துப்பாக்கியின் கண் அந்த ஒரு நொடித்துளியில் வெளிச்சத்தைத் தேடும். எல்இடி டிவியில் கட்டம் தாமதமாக வரும், அதற்குள் கேம் 'தவறியது' என்று முடிவு செய்திருக்கும். தாமதமே இல்லாவிட்டாலும், டியூபில் கோடு வரையும் வேகத்தில் துடிக்கும் ஒளியைத்தான் அந்தக் கண் ஏற்கும். துப்பாக்கிக்கு டியூப் டிவி ஒன்றே வழி.